பஞ்சாரம் முதல் கொட்டகை வரை: பிராய்லர் கோழியின் வீடு

கோடியக்கரை போன்ற டெல்டா கிராமங்களில் கோழியின் வீடு என்றால் பஞ்சாரம்தான். பகல் முழுக்க மேய்ந்துவிட்டு இருட்டியதும் அதற்குள் அடங்கிவிடும். பிராய்லரின் கதை வேறு. 1923-ல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் சீலியா ஸ்டீல் என்ற பெண்மணி 50 குஞ்சுகள் கேட்க, தவறுதலாக 500 வந்து சேர்ந்தன. அவர் அவற்றை வளர்த்து இறைச்சிக்கு விற்றார். அங்கே தொடங்கியது இந்தத் தொழில்.

அதன்பின் கோழியின் உடம்பே மாறிவிட்டது. 1957-ம் ஆண்டு ரகத்தையும் 2005-ம் ஆண்டு ரகத்தையும் ஒரே தீவனம் போட்டு கனடாவில் வளர்த்துப் பார்த்தார்கள். 56-வது நாளில் முன்னது சுமார் 900 கிராம், பின்னது 4 கிலோவுக்கு மேல்! காலும் இதயமும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கத் திணறுகின்றன. ஆகவே கொட்டகையில் செய்யும் சிறு தவறும் உயிரை வாங்கும்.

தமிழ்நாட்டில் 1984-ல் உடுமலைப்பேட்டையில் சுகுணா நிறுவனம் தொடங்கியது. 1990-களில் ஒப்பந்தப் பண்ணை முறை பரவியது. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது; கொட்டகை, கரண்ட், உழைப்பு விவசாயியுடையது. அதாவது வீட்டுச் செலவு முழுக்க விவசாயி தலையில்.

கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கும், வெயில் உள்ளே அடிக்காமலிருக்க. பக்கங்களில் கம்பி வலை. அகலம் 30 அடிக்குள் இருந்தால்தான் காற்று குறுக்கே ஓடும். கோழிக்கு ஒரு சதுர அடி என்பது பொதுக் கணக்கு. 2 கிலோ கோழி என்றால் சதுர மீட்டருக்கு 22 கிலோ கூட வராது. ஐரோப்பிய ஒன்றியம் 2007-ல் வகுத்த அடிப்படை வரம்பே 33 கிலோ! இது நம்மவர்களின் கருணை அல்ல, நம் ஊர் வெயில் செய்த வேலை.

நாமக்கல் முட்டைக்கோழிகள் கம்பிக் கூண்டில் வாழ்கின்றன. கனத்த பிராய்லரைக் கூண்டில் அடைத்தால் நெஞ்சில் கொப்புளம் வரும், கால் பலவீனமாகும். அதனால் அதற்குத் தரையில் உமியோ தேங்காய் நார்க்கழிவோ பரப்பும் ஆழ்கூள முறை. டெல்டாவில் உமிக்குப் பஞ்சமில்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரம்தான் எதிரி. கூளம் நனைந்தால் அமோனியா கிளம்பிக் கண்ணையும் மூச்சையும் பிடிக்கும், பாதம் புண்ணாகும், ரத்தக் கழிச்சல் பரவும். தீனி எடுக்காத கோழி எடை ஏறாது. அடிக்கடி கூளத்தைக் கிளறிவிட்டுச் சுண்ணாம்பு தூவ வேண்டும்.

இப்போது விசிறியும் ஈரத்திரையும் வைத்த மூடிய கொட்டகைகள் வருகின்றன. வெயிலிலும் எடை குறையாது. கோழியையும் கூடுதலாக விடலாம். ஆனால் கரண்ட் போய் ஜெனரேட்டரும் ஓடாவிட்டால் கொஞ்ச நேரத்திலேயே கூட்டம் கூட்டமாகச் சாகும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, இந்தக் கரையோரத்தில் பல நாள் கரண்டே இல்லை.