சுவருக்குள் கிடைக்கும் காசு

நம் குடியிருப்பில் பாதிப் பேருக்காவது ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ வேலூர் சைதாப்பேட்டையிலோ ஒரு பூர்வீக வீடு இருக்கும். பங்கு பிரியாமல் பூட்டிக் கிடக்கும். இல்லை, இடிக்க ஆள் பேசி முன்பணமும் கொடுத்திருப்பீர்கள். ஜேசிபி வருவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

பாலாற்றங்கரை ஒரு காலத்தில் நிம்மதியாகத் தூங்கிய பூமியல்ல. 1749-ல் ஆம்பூர்ச் சண்டையில் ஆற்காடு நவாப் அன்வாருதீன் உயிரை விட்டார். 1767-ல் ஹைதர் அலியின் படை ஆம்பூர் மலைக்கோட்டையைச் சூழ்ந்தது. 1780-ல் அவர் மறுபடி வந்தபோது வேலூர்க் கோட்டையும் நீண்ட முற்றுகையில் சிக்கியது. படை வருகிறது என்றால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? கலயத்தில் போட்டுப் புதைத்துவிட்டு ஓடுவார்கள். திரும்பி வந்தவர் தோண்டி எடுத்துக்கொண்டார். இன்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் திரும்பி வராதவர்களின் காசு.

சண்டை ஓய்ந்த பிறகாவது வங்கியில் போட்டிருக்கலாமே என்பீர்கள். 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலானது. நம்பிப் போட்ட ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு போயிற்று. அந்த அடியில்தான் மறு வருடம் இந்தியன் வங்கி பிறந்தது. முப்பது வருடம் கவுண்டரில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், அன்றைக்குச் சுவரை நம்பியவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, எதாவது கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது காசை அல்ல, அது இருந்த இடத்தை. வாசல் நிலைக்கு அடியில் இரண்டு மூன்று காசும் நவதானியமும் இருந்தால் அது புதையலே இல்லை. நிலை வைத்த நாளில் பூஜை செய்து போட்டது. உத்திரத்து இடுக்கில் துணி முடிச்சாக இருந்தால் அநேகமாக அந்த வீட்டுப் பெண்மணியின் சிறுவாடு. தரைக்கடியில் பானையோடு இருந்தால்தான் பயந்து ஒளித்தது. எடுத்து ஒரே டப்பாவில் கொட்டிவிட்டால் இந்த மூன்றுக்கும் வித்தியாசமே தெரியாது. கை வைக்கும் முன் கைபேசியில் ஒரு படம் எடுங்கள்.

இன்னொன்று, புளி போட்டுத் தேய்க்காதீர்கள். நம் பக்கத்து ஆற்காடு ரூபாயையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆற்காடு என்று பாரசீக எழுத்தில் இருக்கும், ஆனால் எல்லாம் ஆற்காட்டில் அடித்தவை அல்ல. தாமரை முத்திரை இருந்தால் ஆங்கிலேயர் சென்னையில் அடித்தது, பிறை இருந்தால் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் அடித்தது. சென்னைக் காசில் ஹிஜ்ரி 1172 என்ற ஒரே ஆண்டைப் பல பத்தாண்டுகள் மாற்றாமல் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆகவே ஆண்டைப் பார்த்து 1758 என்று முடிவு கட்டவும் கூடாது. தேய்த்தால் இந்தச் சின்ன முத்திரைகள்தான் முதலில் போகும்.

இனி சட்டம். 1878-ம் ஆண்டு புதையல் சட்டம் மண்ணுக்குள் கிடைப்பதை மட்டும் சொல்லவில்லை, மண்ணோடு பிணைந்த எதிலும் ஒளிந்திருப்பதைச் சொல்கிறது. அதாவது வீட்டுச் சுவரும் சேர்ந்தது. மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன, எவ்வளவு, எந்த இடம், எந்த நாள் என்று எழுத வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நூறு வருடத்துக்குள் ஒளித்தவர் அல்லது அவர் வாரிசு உரிமை கோரினால் கதை வேறு. யாரும் இல்லையென்றால், மூலச் சட்டப்படி கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, இடத்துக்காரருக்குக் கால் பங்கு. கடப்பாரை பிடித்த கூலியாளுக்கு முக்கால்! இதைக் கேட்டதும் பல வீட்டுக்காரர்களின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆம்பூர்க்காரர்கள் 2019-க்குப் பிறகு திருப்பத்தூர் கலெக்டருக்கு எழுத வேண்டும், வேலூருக்கு அல்ல.

கோயில்களில் இது அடிக்கடி நடக்கிறது. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவலில் 505 பொற்காசுகள் ஒரு செம்புக்குள் இருந்தன. அதே டிசம்பரில் உத்திரமேரூர் குழம்பேஸ்வரர் கோயில் திருப்பணியில் கருவறைப் படிக்கு அடியில் தங்கம் கிடைத்தது. அது சாமிக்கு வைத்தது, கோயிலிலேயே திரும்ப வைக்க வேண்டும் என்று ஊர் மக்கள் தர மறுத்தார்கள். கடைசியில் கருவூலத்துக்குப் போனது. சட்டம் அதிகாரிகள் பக்கம். ஆனாலும் நிலைக்கடிக் காசை நினைத்தால் ஊர்க்காரர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

தங்கத்தை விட உங்களுக்கு அதிகம் கிடைக்கப்போவது பழைய 500, 1000 நோட்டுதான். பீரோ காகிதத்துக்கு அடியில் இருக்கும். 2017 சட்டப்படி பத்து நோட்டுக்கு மேல் வைத்திருப்பது குற்றம். என்னிடம் கொண்டு வராதீர்கள், நானும் மாற்றித் தர முடியாது.

கடைசியாகக் காகிதம். தோல் வியாபாரக் குடும்பங்களின் பழைய கணக்குப் புத்தகங்கள், பெரியமேட்டு மண்டிக்கு எழுதிய கடிதங்கள் பரணில் கிடக்கும். உருதுவிலோ, தமிழை அரபி எழுத்தில் எழுதும் அரபுத் தமிழிலோ இருக்கும். படிக்கத் தெரியவில்லை என்று கிலோ கணக்கில் பழைய பேப்பருக்குப் போடாதீர்கள். ஆவாரம்பட்டை என்ன விலை, யாருக்கு எவ்வளவு கூலி என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். நம் குடியிருப்பிலேயே உருது படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அஸர் தொழுகை முடிந்து பூங்கா பெஞ்சுக்கு வருவார்கள், அங்கே கேளுங்கள்.