வடசென்னையில் கிறித்தவத் தொழில்நெறி

பணித்திறனையும் உடனுழைப்போருடனான உறவையும் சமய வாழ்வின் பகுதியாகக் கொள்ளும் கிறித்தவ மரபு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் ஆலைகளுக்கு முன்பே கடற்கரையில் தொடங்கியது. இயேசு தச்சர், பவுல் கொரிந்து நகரில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியரோடு கூடாரம் செய்து பிழைத்தவர். கொலோசெயர் நிருபம் ஊழியரை மனப்பூர்வமாய் உழைக்கச் சொல்கிறது. எஜமானர்களை நீதியும் செவ்வையுமாய் நடக்கச் சொல்கிறது. பிரசங்கங்களில் முதற்பாதி ஒலித்த அளவுக்குப் பிற்பாதி ஒலித்ததில்லை.

படகோட்டிகள். துறைமுகம் எழும்புமுன் கப்பல்கள் கரைக்கு எட்டத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் அலை கடந்து கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி இல்லாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது; அலை மோதினால் உடையாமல் நெளிந்து கொடுக்கும். பின்புறம் நிற்கும் படகுத் தலைவனான தண்டேல் அலையின் இடைவெளி பார்த்துக் குரல் கொடுக்க, துடுப்புகள் ஒரே வீச்சில் விழவேண்டும். ஒருவர் பிந்தினால் அத்தனை பேருக்கும் ஆபத்து. இத்தொழிலில் இருந்த கத்தோலிக்கர் தங்கள் உழைப்பின் பணத்தில் 1829-ல் ராயபுரத்தில் புனித பேதுரு ஆலயத்தைக் கட்டினர். படகில் கூட்டாளி, கோயிலிலும் கூட்டாளி. பின்னாளில் எந்தத் திருச்சபை அமைப்பும் இந்த நெருக்கத்தை எட்டவில்லை. 1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. 1870-களில் துறைமுக வேலை தொடங்கியது. படகோட்டியின் கலைக்குத் தேவை குறைந்தது.

அச்சும் பட்டறையும். மிஷன்கள் கற்பித்த கைத்தொழில்களில் முந்தியது அச்சு. 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியில் கைப்பற்றிய அச்சுப்பொறி, வேப்பேரியில் லுத்தரன் போதகர் ஃபப்ரிசியுஸ் வசம் வந்தது. அரசின் வேலையை முதலில் முடித்துக் கொடுக்கவேண்டும் என்பது நிபந்தனை. எழுத்துக் கோப்பதும் பிழை திருத்துவதும் கற்ற தமிழர்களின் தலைமுறையே சென்னையில் உருவானது.

கத்தோலிக்கர் பக்கத்தில் இத்தாலியக் குரு ஜான் போஸ்கோவின் முறை செல்வாக்குப் பெற்றது. 1850-களின் தொடக்கத்தில் தூரின் நகரில் அவர் பயிற்சிச் சிறுவர்களுக்காகப் பட்டறை முதலாளிகளிடம் எழுத்தில் ஒப்பந்தம் வாங்கினார். பையனுக்குத் தொழிலைத்தான் கற்பிக்கவேண்டும், எடுபிடி வேலைக்கு அனுப்பக்கூடாது. வாயால் திருத்தலாம், கை நீட்டக்கூடாது. ஞாயிறு ஓய்வு உண்டு. திறனும் மரியாதையும் ஒரே தாளில் கையெழுத்தானது தொழிற்கல்வி வரலாற்றில் பெரிய செயல். அவருடைய சலேசிய சபையினர் 1906-ல் தஞ்சாவூருக்கு வந்தனர். வடசென்னையில் பேசின் பிரிட்ஜில் தொழிற்பயிற்சிக்கூடம் நடத்தினர். வியாசர்பாடியில் மந்தோவானி அடிகள் ஏழைகளுக்காக நிறுவிய இல்லமும் சலேசியர் பணியே.

ஆலைக் காலம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த சிரியன் கிறித்தவரான கே. எம். மம்மன் மாப்பிள்ளை, 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கினார், அதுவே எம்.ஆர்.எஃப். ஆயிற்று. 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு. ஃபிட்டரும் டர்னரும் வெல்டருமாய்ப் பல சபை மக்கள் ஷிப்டு வேலைக்குப் போனபோது, ஞாயிறு ஆராதனையை மட்டும் நம்பிய சபைக்கு அவர்கள் வாழ்வின் பெரும்பகுதி தெரியாமல் போனது.

இதை ஊன்றிச் சொன்னவர் 1965 முதல் 1974 வரை தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகின். ஆலையிலும் அலுவலகத்திலும் இருக்கும் சாதாரண விசுவாசியே திருச்சபையின் முன்வரிசை. ஆயரின் வேலை அவரைத் தயார் செய்வது என்பது அவர் நிலை. நகர ஆயர்களுக்கு அவர் ஆற்றிய உரைகள் ‘நல்ல மேய்ப்பன்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் நூலாயின. பணியிடத்தில் துண்டுப்பிரசுரம் கொடுப்பதே சாட்சி என்றிருந்தவர்களுக்கு இந்நிலை காட்டும் வழி ஆழமானது: பொருளில் பழுதில்லாமல் வேலை செய்வது, மேஸ்திரியிடம் பொய் சொல்லாமலிருப்பது, பிற மதத்து நண்பனுக்காகப் பேசுவது.

பெல்ஜியத்தில் கார்டைன் அடிகள் 1925-ல் உருவாக்கிய இளம் கிறித்தவத் தொழிலாளர் இயக்கம் இத்தகைய எண்ணத்தை முன்பே பயிற்சியாக்கியிருந்தது. அந்த வாரம் வேலையிடத்தில் நடந்த ஒன்றைச் சிறு குழுவில் வைத்துப் பார்ப்பது, நற்செய்தியின் ஒளியில் மதிப்பிடுவது, ஒரு செயலை முடிவுசெய்வது என்பது அதன் முறை. 1891-ல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவின் சுற்றுமடல் நியாயக் கூலியையும் சங்கம் வைக்கும் உரிமையையும் ஏற்றது. எனவே தொழிற்சங்கத்தில் சேர்வது விசுவாசத்துக்கு முரண் அன்று. தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சென்னையில் 1923-ல் கொண்டாடிய மே நாள், 1955-க்குப் பின் கத்தோலிக்கருக்கு உழைப்பாளர் சூசையப்பர் திருவிழாவாகவும் ஆனது.

இன்று. தொழிற்பயிற்சிப் பள்ளிகளும் துறைமுகத்தில் மாலுமிகளுக்கான பணியும் நடைபெறுகின்றன. ஒப்பந்தத் தொழிலாளரிடையே திருச்சபையின் பணி குறைவு.