கொந்தெரே: ஊரை நிறுவவும் வாளைப் புதைக்கவும் ஒரே சொல்

லத்தீனில் 'கட்டு' என்பதற்குப் பல வினைச்சொற்கள் உண்டு. வீடு கட்டினால் 'எதிஃபிக்காரே'. பிரெஞ்சு படித்த நம் ஊர்க்காரர்களுக்கு 'எதிஃபீஸ்' தெரியும். அதற்குத் தாய் இதுதான். கல்லை அடுக்கினால் 'ஸ்த்ருவெரே'. ஒரு நகரத்தையே நிறுவினால் 'கொந்தெரே'. இன்று இந்த மூன்றாவது சொல்லைப் பற்றிச் சொல்கிறேன்.

'சேர்த்து வைப்பது' என்பதுதான் இதன் அடிப்படைப் பொருள். அதிலிருந்து இரண்டு கிளைகள். ஒன்று, சேர்த்து உருவாக்குவது: நகரை நிறுவுவது, சட்டம் இயற்றுவது, பாட்டு கட்டுவது. மற்றொன்று, உள்ளே வைத்து மூடுவது: தானியம் சேமிப்பது, பொருளை ஒளிப்பது, இறந்தவரை அடக்கம் செய்வது. தலைமறைவானவரை அலுவலகக் கோப்புகளில் 'அப்ஸ்காண்டிங்' என்று எழுதுவோமே, அது இந்த இரண்டாவது கிளையைச் சேர்ந்தது.

ரோம் நகரம் கி.மு. 753-இல் நிறுவப்பட்டது என்பது ரோமானியர் மரபு. லிவி 142 பாகங்களில் எழுதிய ரோம் சரித்திரத்தின் பெயர் 'அப் உர்பெ கொந்திதா'. 'நகரம் நிறுவப்பட்டது முதல்' என்று பொருள். முதல் பாகத்திலேயே, புதுச் சுவரைத் தாண்டிக் குதித்த உடன்பிறப்பு ரெமுஸை ரொமுலுஸ் கொன்றதாக ஒரு கதை வருகிறது. அஸ்திவாரத்திலேயே ரத்தம்.

லிவியின் காலத்தவர் விர்ஜில். கி.மு. 19-இல் இறந்தார். அவருடைய 'ஏனியட்' காவியத்துக்கு 12 காண்டங்கள். திராய் நகரம் அழிந்தபின் இத்தாலிக்கு வந்த ஏனியஸ், ஒரு நகரை நிறுவும்வரை என்ன பாடுபட்டான் என்று தொடக்க வரிகள் சொல்கின்றன. அங்கே வரும் வினை கொந்தெரே.

கடைசிக் காண்டத்தில் எதிரி துர்னுஸ் அடிபட்டு விழுந்து கெஞ்சுகிறான். ஏனியஸ் மனம் இளகுகிறான். அப்போது, துர்னுஸ் கொன்ற தன் இளம் நண்பன் பல்லாஸின் வார் துர்னுஸின் தோளில் கிடப்பதைக் காண்கிறான். கோபம் பொங்க, வாளை அவன் நெஞ்சில் புதைக்கிறான். அங்கும் விர்ஜில் போட்ட வினை கொந்தெரேதான். அதன்பின் இரண்டே வரிகள், காவியம் முடிந்துவிடுகிறது.

மொழிபெயர்ப்பில் ஓர் இடத்தில் 'நிறுவினான்', மற்றோர் இடத்தில் 'புதைத்தான்' என்று ஆகிவிடும்; தொடர்பு தெரியாது. உள்நாட்டுப் போர்களைப் பார்த்தவர் விர்ஜில். அகுஸ்துஸ் புது ஆட்சியை நிறுவிக்கொண்டிருந்த காலத்தில் எழுதினார். நிறுவியவன் பெயரோடு, அதற்காகப் புதைக்கப்பட்டவனையும் நினைவில் வையுங்கள் என்று அவர் சொல்வதாகவே நான் படிக்கிறேன்.