தலைமை போனபின்னும் தளராத வாள்

பண்டைய உலகின் மாபெரும் தளபதிகளைப் பற்றிப் பேசும்போது, மாசிடோனியாவின் அலெக்சாண்டரே முதலில் நம் நினைவுக்கு வருகிறார். கி.மு. 323இல் பாபிலோனில் அவர் இறந்ததும், அவருடைய தளபதிகள் பேரரசைப் பங்கிட்டுக்கொள்வதற்காகப் பல பத்தாண்டுகள் தமக்குள் போரிட்டனர். நாடுகளை வென்றவர்களால் பதவி ஆசையை வெல்ல இயலவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு வாழ்வை நம் வரலாற்றில் காண்கிறோம். அது ஹழ்ரத் காலித் பின் வலீத் (ரலி) அவர்களின் வாழ்வு.

உஹதுப் போரில் குறைஷியரின் குதிரைப்படையை நடத்தி, முஸ்லிம்களுக்குப் பேரிழப்பை உண்டாக்கியவர்கள் அவர்கள். ஹிஜ்ரி 8இல் இஸ்லாத்தைத் தழுவினார்கள். அதே ஆண்டு மூத்தா களத்தில் மூன்று தளபதிகள் அடுத்தடுத்து ஷஹீதாயினர். அப்போது தலைமையேற்று, படையைப் பேரழிவிலிருந்து மீட்டார்கள். அன்று அவர்களின் கையில் ஒன்பது வாள்கள் முறிந்தன. ‘அல்லாஹ்வின் வாள்’ என்னும் சிறப்புப் பெயரும் அவர்களுக்கு வாய்த்தது.

கி.பி. 634இல், நீரற்ற பாலைவனத்தைக் கடந்து, இராக்கிலிருந்து ஷாம் தேசத்திற்குப் படையைக் கொண்டு சென்றார்கள். புகழின் உச்சியில் நின்ற அந்தக் காலத்தில்தான் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் வஃபாத்தானார்கள். அடுத்து வந்த உமர் (ரலி) அவர்கள், காலித் (ரலி) அவர்களைத் தலைமையிலிருந்து நீக்கி, அபூஉபைதா (ரலி) அவர்களை நியமித்தார்கள்.

படையினர் அவர்களை நேசித்தனர். கிளர்ச்சி செய்ய நினைத்திருந்தால் ஆள்பலத்திற்குக் குறைவில்லை. ஆயினும் அவர்கள் அமைதியாகக் கட்டளையை ஏற்றார்கள். கி.பி. 636இல் யர்மூக் ஆற்றங்கரையில் ஹிராக்ளியஸ் பேரரசரின் பெரும்படையை எதிர்த்தபோது, அபூஉபைதா (ரலி) அவர்களின் கீழ் நின்றே தம் போர்த்திறன் முழுவதையும் வழங்கினார்கள். அந்த வெற்றி ஷாமின் எதிர்காலத்தையே மாற்றியது.

பின்னர் படைப்பணியிலிருந்தே முற்றிலுமாக விலக்கப்பட்டார்கள். வெற்றி காலிதால் வருகிறது என்று மக்கள் நம்பிவிடக் கூடாது, அது அல்லாஹ்விடமிருந்தே வருகிறது என்பதை அவர்கள் உணர வேண்டும் என்பதே உமர் (ரலி) அவர்கள் கூறிய காரணமாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். எண்ணற்ற போர்களைக் கண்ட அம்மாவீரர், கி.பி. 642இல் படுக்கையிலேயே உயிர் துறந்தார்கள்.

இன்று நம் ஜமாஅத்திலோ சங்கத்திலோ ஒரு பொறுப்பு கைமாறினால், பள்ளிவாசலுக்கு வருவதையே நிறுத்திக்கொள்வோர் நம்மிடையே உண்டு. நாம் உழைத்தது பதவிக்காகவா, படைத்தவனுக்காகவா? தலைமையில் இருக்கும்போது இதற்கு விடை தெரிவதில்லை. அது நம்மை விட்டுப் போகும் நாளில்தான் தெரிகிறது. அந்நாளில் தளராத உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.