நண்பர் வட்டத்தில் பிறந்த கொள்கையும் தமிழில் அதன் சொற்களும்

1. முன்னுரை

ஆங்கிலத்தில் பிராக்மாட்டிசம் என வழங்கும் மெய்யியற் கொள்கை, தனியொருவர் நூலில் முழுமையாகத் தோன்றியதன்று. நண்பர் சிலர் கூடி நிகழ்த்திய உரையாடலில் உருப்பெற்றது. அக்கொள்கை தமிழை அடைந்த வழிகளுள் ஒன்றையும், அதன் சொற்களைப் பெயர்ப்பதில் எழும் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

2. கேம்பிரிட்ஜ் வட்டம்

1870களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், இளம் அறிஞர் சிலர் 'மெட்டாஃபிசிக்கல் கிளப்' என்னும் பெயரில் கூடினர். சார்லஸ் பியர்சின் படிப்பறையிலும் வில்லியம் ஜேம்சின் படிப்பறையிலும் கூட்டங்கள் நடைபெற்றன. பியர்ஸ் வேதியியல் பயின்ற அளவையியலார். ஜேம்ஸ் மருத்துவம் கற்றவர். நிக்கலஸ் செயின்ட் ஜான் கிரீனும் ஆலிவர் வெண்டல் ஹோம்சும் சட்டத்துறையினர். எதன்மீது ஒருவர் செயற்பட ஆயத்தமாக உள்ளாரோ அதுவே அவர்தம் நம்பிக்கை என்னும் அலெக்சாண்டர் பெயினின் கருத்தைக் கிரீன் அங்கு வலியுறுத்தி வந்தார். அதனால் பியர்ஸ் பிற்காலத்தில் அவரை இக்கொள்கையின் பாட்டனார் எனக் குறித்தார்.

ஒரு கருத்தால் விளையக்கூடிய நடைமுறை விளைவுகளை எண்ணிப் பார்ப்பதே அக்கருத்தைத் தெளிவாக அறியும் வழி எனப் பியர்ஸ் 1878இல் எழுதினார். ஆயின் அக்கட்டுரையில் கொள்கையின் பெயர் இடம்பெறவில்லை. 1898இல் ஜேம்ஸ் பெர்க்லியில் ஆற்றிய உரையே அப்பெயரைப் பரப்பியது. பிறர் அதனைப் பல பொருளில் ஆளவே, 1905இல் பியர்ஸ் தம் கொள்கைக்குப் 'பிராக்மாட்டிசிசம்' என வேறு பெயரிட்டார். உருவாக்கியவரிடையேகூட அச்சொல் ஒரு பொருளில் நிலைபெறவில்லை என்பது ஈண்டு கருதத்தக்கது.

3. தமிழுக்கு வந்த வழி

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பியர்சிடம் அளவையியல் பயின்றவர் ஜான் டூயி. பின்னர் டூயி பணியாற்றிய கொலம்பியாவில், 1913 முதல் 1916 வரை அம்பேத்கர் பயின்றார். லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் மாநாட்டிற்கென அவர் எழுதிய உரை, மாநாடு கைவிடப்பட்டமையால் 1936இல் நூலாக வெளிவந்தது. அதில் டூயியைத் தம் ஆசிரியர் என நன்றியுடன் சுட்டுகின்றார். குஜராத்தியிலும் தமிழிலும் நூல் பெயர்க்கப்பட்டதை அதன் இரண்டாம் பதிப்பின் முன்னுரை தெரிவிக்கின்றது.

பெரியாரின் குடிஅரசு வழியாக வந்த தமிழாக்கத்தின் தலைப்பு 'ஜாதியை ஒழிக்க வழி' என்பதாகும். ஆங்கிலத் தலைப்பு 'ஒழிப்பு' என்னும் பெயர்ச்சொல்லளவில் நிற்கின்றது. தமிழோ அதனைச் செயவென் எச்சமாக்கி, 'வழி' என்பதைச் சேர்த்து, செய்யவேண்டுவது யாது என்னும் வினாவை முன்வைக்கின்றது. கொள்கையின் பெயரைக் கூறாமலே அதன் போக்கைத் தலைப்பு உணர்த்துகின்றது எனலாம்.

4. சொற்சிக்கல்கள்

டூயி 1916இல் வெளியிட்ட நூலில் காணும் 'சோஷியல் எண்டாஸ்மாசிஸ்' என்னும் தொடரை அம்பேத்கரும் ஆள்கின்றார். நீர்மம் மென்சவ்வின் ஊடே உட்புகுவதைக் குறிக்கும் அறிவியற்சொல் இங்குக் குழுக்களிடையே அனுபவம் தடையின்றிப் பரவுவதைக் குறிக்கின்றது. இதனைச் 'சமூகக் கலப்பு' எனப் பெயர்த்தால், தமிழர் செவியில் 'கலப்பு மணம்' என்னும் வழக்கே முந்தி நிற்கும். கலப்பு மணத்தை அம்பேத்கர் அந்நூலில் தனியே வலியுறுத்துகின்றார். இரண்டு கருத்துகள் ஒன்றாய்விடின் அவர் வாதத்தின் ஒருபடி மறையும். பள்ளிப் பாடநூல் வழக்கையொட்டிச் 'சமூக ஊடுபரவல்' என்பது இவ்விழப்பைத் தவிர்க்கும்.

கொள்கையின் பெயரும் இத்தகையதே. கிரேக்கத்தில் 'பிராக்மா' என்பது செயலைக் குறிக்கும். 'பயன்' என்னும் அடியிற் பிறந்த பெயர்கள், பெந்தாம், மில் ஆகியோரின் பயன்பாட்டுக் கொள்கையோடு மயங்க இடந்தரும். 'நடைமுறைவாதம்' என்பது கொள்கையை விட்டுக்கொடுத்துச் சமயத்திற்கேற்ப நடத்தலாகப் பொருள்படக்கூடும். மேலும் பியர்சின் குறியியலை அடியொற்றிச் சார்லஸ் மோரிஸ் 1938இல் வகுத்த மொழியியற் பிரிவைப் 'பயன்வழியியல்' என வழங்குவதால், மெய்யியற் பெயரும் மொழியியற் பெயரும் நெருங்கி நிற்கின்றன. 'செயல்வழிக் கொள்கை' என்பது இவ்விரு மயக்கங்களையும் நீக்கவல்லது.

5. முடிவுரை

ஒரு கலைச்சொல்லைத் தெரிவு செய்யும்போது, மூலச்சொல்லின் அகராதிப் பொருளோடு, அச்சொல் படிப்போரை எதை எதிர்பார்க்கச் செய்யும் என்பதையும் நோக்குதல் வேண்டும். இது பியர்சின் அளவுகோலே ஆகும். மெய்யியலார், மொழியியலார், மொழிபெயர்ப்பாளர் ஆகியோர் தனித்தனியே சொல்லாக்குவதைவிட, கேம்பிரிட்ஜ் வட்டத்தைப்போல் ஒருங்கே அமர்ந்து ஆய்ந்தால், தமிழில் இத்துறைச் சொற்கள் தெளிவு பெறும்.