தபால் முறையில் தொலைபேசி

ஒருவர் பேசி முடிக்கும் வரையில் வழி முழுவதையும் அவருக்கே ஒதுக்கிவைத்த பழைய தொலைபேசி முறைக்கு மாறாக, குரலைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் விலாசமிட்டு, பிறர் கடிதங்களோடு ஒரே பையில் அனுப்பும் தபாலை ஒத்த ஏற்பாடு, இணையம் என்ற பெயரே பரவாத 1974ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவின் அர்பாநெட் வலையில், டானி கோஹன் முதலிய விஞ்ஞானிகளால் பரிசோதிக்கப்பட்டுவிட்டது. இன்றைய வழக்கத்தில் துண்டொன்று பெரும்பாலும் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. தாமதித்து வருவதற்காகக் காத்திருக்க அவகாசமில்லை, விட்டுவிட வேண்டியதுதான். பேச்சு சில சமயம் விக்குவது அதனால்தான்.

1995இல் இஸ்ரேலின் வோக்கல்டெக் ஸ்தாபனம் ‘இன்டர்நெட் போன்’ மென்பொருளை வெளியிட்டபோது, அக்காலத்துச் சவுண்டு கார்டுகள் பலவும் ஒலியை வாங்குவதையும் வெளியிடுவதையும் ஏககாலத்தில் செய்ய இயலாதவையாதலால், ஒருவர் பேச மற்றவர் காத்திருக்கும் சம்பாஷணையாகவே அது நடந்தது. வெளிதேசத்துக் கட்டணத்துக்கு அஞ்சியவர்களுக்கு அது பெருங்குறையாகத் தோன்றியிராது என்பது என் அபிப்பிராயம். 1999இல் ‘ஸிப்’ என்னும் அழைப்பு விதிமுறை வகுக்கப்பட்டபின், காரியாலயங்கள் மேஜைத் தொலைபேசியையும் கணினிக் கம்பியிலேயே மாட்டலாயின.

நமது அரசாங்கம் 2002 ஏப்ரல் 1 முதல் இணையவழித் தொலைபேசியை அனுமதித்தது. ஆனால் கணினியிலிருந்து அயல்நாட்டுத் தொலைபேசியை அழைக்கலாம், உள்நாட்டுத் தொலைபேசியை அழைக்கலாகாது என்ற விசித்திர நிபந்தனையுடன். அன்று மதுரையிலிருந்து நியூயார்க்கை அழைப்பது நியாயம். திருமங்கலத்தை அழைப்பது சட்டவிரோதம்!