கண்டிக்க மறுத்த வேட்பாளர்





1965 ஆம் ஆண்டு பிப்ரவரி 12. அன்று வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரை ஒட்டியுள்ள ஸ்மெத்விக் என்னும் தொழில் நகரில், மார்ஷல் தெரு என்ற ஒரு சாதாரணத் தெருவில், அமெரிக்காவிலிருந்து வந்த உயரமான கறுப்பின மனிதர் ஒருவர் நடந்து சென்றார். பத்திரிகையாளர்கள் அவரைச் சூழ்ந்து சென்றனர். ஹஜ் கடமையை நிறைவேற்றி அவருக்கு ஓராண்டுகூட நிறைவடைந்திருக்கவில்லை. அவர்தாம் அல்ஹாஜ் மாலிக் அஷ்ஷபாஸ். உலகம் மால்கம் எக்ஸ் என்று அறிந்தவர். அதன்பின் ஒன்பதே நாட்களில், பிப்ரவரி 21 அன்று, நியூயார்க் நகரில் ஓர் அரங்கின் மேடையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இறுதி நாட்களில் இருந்த அம்மனிதரை, பெயர்கூடப் பலருக்குத் தெரியாத ஒரு சிற்றூரின் தெருவுக்கு அழைத்து வந்தது எது? ஒரு தேர்தல். அந்தத் தேர்தலில் சுவர்களிலும் துண்டுத் தாள்களிலும் பரவிய ஒரு வாசகம். அந்த வாசகத்தைக் கண்டிக்க மறுத்த ஒரு வேட்பாளர். இவ்வரலாற்றைச் சற்று விரிவாக அறிந்து கொள்வது நமக்குப் பயனுள்ளது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தின் ஆலைகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். ஸ்மெத்விக்கின் வார்ப்படத் தொழிற்சாலைகளில் உருக்கிய உலோகத்தின் வெப்பத்தில் நின்று உழைக்க வெள்ளையர் பலர் முன்வரவில்லை. அவ்வேலைகளுக்குப் பஞ்சாபிலிருந்து சீக்கியர்கள் வந்தனர். பாகிஸ்தானிலிருந்து முஸ்லிம்கள் வந்தனர். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கறுப்பின மக்கள் வந்தனர். உழைப்பு வேண்டியிருந்தது, உழைப்பவர் பக்கத்து வீட்டில் குடியிருப்பதுதான் வேண்டாததாயிற்று. ஊரில் வீட்டுப் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. போதிய வீடுகள் கட்டப்படாத குறைக்கு, நேற்று வந்தவர்கள் மீது பழி விழுந்தது. ஒருவர் செய்யத் தவறியதற்கு மற்றவர் மீது பழி சுமத்துவது எல்லா நாடுகளிலும் அரசியலுக்கு எளிதான வழியே.

1964 அக்டோபர் 15 அன்று பிரிட்டனில் பொதுத் தேர்தல் நடைபெற்றது. ஸ்மெத்விக் தொகுதியில் தொழிற்கட்சியின் சார்பில் பாட்ரிக் கார்டன் வாக்கர் நின்றார். கட்சி வென்றால் அவரே வெளியுறவு அமைச்சர் என்பது முன்னரே முடிவாகியிருந்தது. அவரை எதிர்த்துக் கன்சர்வேடிவ் கட்சியின் சார்பில் நின்றவர் பீட்டர் கிரிஃபித்ஸ், பள்ளித் தலைமையாசிரியர். குடியேற்றத்தை நிறுத்த வேண்டும் என்பதே அவருடைய பிரசாரத்தின் மையம்.

அப்பிரசார காலத்தில்தான் அந்த வாசகம் ஊரெங்கும் பரவியது. கறுப்பன் உன் அண்டை வீட்டுக்காரனாக வர வேண்டுமென்றால் தொழிற்கட்சிக்கு வாக்களி என்பது அதன் பொருள். மூலத்தில் 'கறுப்பன்' என்று இல்லை. அதைவிட இழிவான சொல் இருந்தது. அதை இப்பக்கத்தில் எழுத நம் எழுதுகோல் கூசுகிறது. கிரிஃபித்ஸ் அதைத் தாமாக அச்சிட்டு வெளியிட்டதாக யாரும் மெய்ப்பிக்கவில்லை. பின்னாளில் நாஜிக் கொள்கையினரான காலின் ஜோர்டன் தம் ஆட்களே அதைப் பரப்பினர் என்று பெருமையடித்துக் கொண்டார். ஆனால் 'தி டைம்ஸ்' நாளேடு அது குறித்து கிரிஃபித்ஸிடம் கேட்டபோது, அது மக்களின் மனவுணர்வின் வெளிப்பாடு என்றும், அவ்வாறு சொல்பவர் எவரையும் தாம் கண்டிக்க மாட்டேன் என்றும் அவர் விடையளித்தார்.

சகோதரர்களே! இவ்விடையைச் சற்று நிதானித்துப் பாருங்கள். அவர் அந்த இழிசொல்லைத் தம் நாவால் சொல்லவில்லை. சொன்னவர் பெயரற்ற ஒருவர். வேட்பாளர் செய்ததெல்லாம், "மக்கள் அவ்வாறு நினைக்கிறார்கள்" என்று அதற்கு ஓர் இருக்கை போட்டுக் கொடுத்ததுதான். தம் கை சுத்தமாக இருக்கிறது, வேலையும் நடந்துவிடுகிறது!

தெருவில் கேட்டதைச் சொன்னேன் என்பது மார்க்கத்தில் ஒரு சாக்கு ஆகாது. தீயவன் ஒருவன் செய்தி கொண்டு வந்தால் அதைத் தீர விசாரிக்குமாறும், அறியாமையினால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேராதிருக்கட்டும் என்றும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் எச்சரிக்கிறது. ஒரு சமூகத்தார் மற்றொரு சமூகத்தாரை ஏளனம் செய்வதையும் பட்டப்பெயர் சூட்டி இழிப்பதையும் அதே அத்தியாயத்தின் பதினோராம் வசனம் தடுக்கிறது. மனிதர்கள் ஓர் ஆண், ஒரு பெண்ணிலிருந்து படைக்கப்பட்டவர்கள், இறையச்சமே சிறப்புக்கு அளவுகோல் என்பது பதின்மூன்றாம் வசனம் போதிக்கும் உண்மை. நாம் மேடைகளில் பதின்மூன்றாம் வசனத்தை அடிக்கடி ஓதுகிறோம். ஆறாம் வசனத்தை ஓதுவது குறைவு. கேட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் பதிவாகியுள்ளது.

தேர்தல் முடிவு வந்தது. நாடு முழுவதும் வாக்குகள் தொழிற்கட்சியின் பக்கம் நகர்ந்து, ஹரோல்ட் வில்சன் பிரதமரானார். அதே நாளில் ஸ்மெத்விக்கில் 7.2 விழுக்காட்டு வாக்குகள் எதிர்த்திசையில் நகர்ந்தன. கிரிஃபித்ஸ் 16,690 வாக்குகள் பெற்றார்; கார்டன் வாக்கர் பெற்றவை 14,916. புதிய பிரதமர் நாடாளுமன்றத்தில் கிரிஃபித்ஸை, ஒதுக்கி வைக்கப்பட வேண்டிய தொழுநோயாளி என்ற பொருளில் சாடினார். அவையில் பெருங்கூச்சல் எழுந்தது. (நோயாளியை வசைச் சொல்லாக்கியதும் நல்ல பண்பன்று என்பதை இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும்.) தோற்ற பின்னும் வெளியுறவு அமைச்சராக்கப்பட்ட கார்டன் வாக்கருக்கு, பாதுகாப்பான தொகுதி என்று கருதப்பட்ட லண்டனின் லேட்டன் ஒதுக்கப்பட்டது. 1965 ஜனவரி 21 அன்று அங்கும் 205 வாக்குகளில் தோற்றுப் பதவி விலகினார்.

இவ்வளவும் கேட்டபின், ஒருவர் அநீதியாளர், மற்றவர் அநீதிக்குள்ளானவர் என்று கணக்கை முடித்துவிடத் தோன்றும். வரலாறு அவ்வளவு எளிதாக முடிவதில்லை. இதே கார்டன் வாக்கர் 1950 இல் காமன்வெல்த் உறவுகள் அமைச்சராக இருந்தபோது, பெச்சுவானாலாந்தின் இளவரசர் செரெட்சே காமாவை அவருடைய சொந்த மண்ணிலிருந்தே வெளியேற்றி வைத்தார். இளவரசர் செய்த குற்றம், லண்டனில் ரூத் வில்லியம்ஸ் என்ற வெள்ளைப் பெண்ணை மணந்தது. நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவின் மனம் கோணக்கூடாது என்பதற்காகவே பிரிட்டன் அவ்வாறு செய்தது. அந்த செரெட்சே காமாதான் 1966 இல் விடுதலை பெற்ற போட்ஸ்வானாவின் முதல் குடியரசுத் தலைவரானார். ஸ்மெத்விக் தேர்தலிலும் தொழிற்கட்சியினர், வந்தவர்களும் நம் அண்டை வீட்டாரே என்று துணிந்து சொல்லவில்லை. அவர்கள் வந்தது கன்சர்வேடிவ் ஆட்சியில், அதற்கு எங்களைக் குறை கூறாதீர்கள் என்று துண்டறிக்கை கொடுத்தனர். வந்தவர்கள் ஒரு குற்றம் என்பதை இரு தரப்பாருமே ஒப்புக்கொண்டுவிட்ட பின், யாருடைய குற்றம் என்பது மட்டுமே விவாதமாக எஞ்சியது.

நல்லவர் என்று பெயர் பெற்றவரிடமும் இந்நோயின் கீற்று இருக்கக்கூடும் என்பதை நம் மார்க்கம் மறைக்கவில்லை. அபூதர் (ரலி) அவர்கள் உண்மைக்குப் பெயர் போன நபித்தோழர். அவர் ஒருவரை அவருடைய தாயைச் சுட்டி இழித்துப் பேசிவிட்டார். புகாரியின் அறிவிப்பில் அந்த மனிதரின் பெயர் இல்லை. பிலால் (ரலி) அவர்களே என்று வேறு அறிவிப்புகள் கூறுகின்றன. அதைக் கேட்ட அண்ணலார் (ஸல்) அவர்கள், அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உம்மிடம் இருக்கிறதே என்று அவரைக் கடிந்து கொண்டார்கள். தோழர் என்பதற்காக அதை மூடி மறைக்கவில்லை. மக்களின் பேச்சு வழக்கு அப்படித்தான் என்றும் விட்டுவிடவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் ரபதா என்னுமிடத்தில் அபூதர் (ரலி) அவர்களைக் கண்ட ஒருவர், அவரும் அவருடைய அடிமையும் ஒரே விதமான ஆடை அணிந்திருப்பதைக் கண்டு வியந்து காரணம் கேட்டார். அதற்கு விடையாகவே இந்நிகழ்ச்சியை அவர் எடுத்துரைத்தார். அன்று கேட்ட ஒரு கண்டனம், அவர் உடுத்தும் துணியில் ஆயுள் முழுவதும் தெரிந்தது.

மால்கமும் திருத்தப்பட்ட மனிதரே. சிறையில் இருந்தபோது அவர் ஏற்ற 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' இயக்கம், வெள்ளையர் அனைவரையும் ஷைத்தான்கள் என்று போதித்தது. பல ஆண்டுகள் அவரும் அவ்வாறே முழங்கினார். 1964 மார்ச்சில் அவ்வியக்கத்தை விட்டு நீங்கி, அடுத்த மாதமே ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். இஹ்ராம் உடையில் எல்லா நிறத்தாரும் ஒன்றாகி நின்றதையும், வெள்ளை நிற முஸ்லிம்களுடன் ஒரே தட்டில் உண்டதையும் மக்காவிலிருந்து கடிதமாக எழுதினார். தம் பழைய முடிவுகளை மாற்றிக்கொள்ள நேர்ந்ததை அவர் ஒளிக்கவில்லை. இறுதி ஹஜ்ஜில் நபி (ஸல்) அவர்கள், அரபிக்கு அரபியல்லாதவரை விடவோ வெள்ளையருக்குக் கறுப்பரை விடவோ இறையச்சத்தாலன்றிச் சிறப்பு இல்லை என்று அறிவித்த அதே பூமியில்தான் அம்மாற்றம் நிகழ்ந்தது.

அத்தகைய மனிதரை ஸ்மெத்விக்கிற்கு அழைத்தவர், இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவதார் சிங் ஜௌல் என்ற பஞ்சாபி. மார்ஷல் தெருவில் காலியாகும் வீடுகளை நகராட்சியே வாங்கி வெள்ளையருக்கு மட்டும் வாடகைக்கு விட வேண்டும் என்று அத்தெருவின் வெள்ளையர்கள் கோரியிருந்தனர். நகராட்சியும் அதற்கு இசைந்திருந்தது. ஹிட்லரின் கீழ் யூதர்கள் நடத்தப்பட்டது போல இங்கே நிறமுடையோர் நடத்தப்படுவதாகக் கேள்விப்பட்டு வந்ததாக மால்கம் செய்தியாளர்களிடம் கூறினார். 'புளூ கேட்ஸ்' என்ற மதுக்கடைக்கும் அவர் அழைத்துச் செல்லப்பட்டார். குடிப்பதற்காக அன்று, மது அருந்தாத அவர், உள்ளே ஓர் அறையில் வெள்ளையரல்லாதார் அமரக்கூடாது என்ற தடையை நேரில் காணச் சென்றார். அந்த அறையில் அவருக்கும் உபசரிப்பு மறுக்கப்பட்டது. அவ்வருகையை நகர மேயர் கண்டித்தார். தெருவுக்கு வந்தவரைக் கண்டிக்க அவ்வூரில் நாவு இருந்தது. சுவரில் இருந்த வாசகத்தைக் கண்டிக்கத்தான் இல்லை.

மார்ஷல் தெருத் திட்டத்துக்குக் கடன் வாங்க வீட்டுவசதி அமைச்சர் ரிச்சர்ட் கிராஸ்மன் அனுமதி மறுத்தார், திட்டம் வீழ்ந்தது. ஆனால் அதே கிராஸ்மன், ஸ்மெத்விக் தேர்தலுக்குப் பின் குடியேற்றமே தம் கட்சியின் வாக்குகளை மிகுதியாகப் பறிக்கக்கூடிய பிரச்சினை என்பது தெளிவாகிவிட்டது என்னும் கருத்தைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1962 இல் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை வன்மையாக எதிர்த்த கட்சி அது. 1965 ஆகஸ்டில் அக்கட்சியின் அரசே தொழிலாளர் அனுமதிச் சீட்டுகளை ஆண்டுக்கு 8,500 ஆகச் சுருக்கியது. 1968 இல் கென்யாவிலிருந்து, பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருந்த இந்தியப் பாகிஸ்தானிய வம்சாவளியினர் வரத் தொடங்கியபோது, தாய் தந்தையரோ பாட்டன் பாட்டியரோ பிரிட்டனில் பிறந்திராதவருக்குக் கதவை அடைக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் ஒரு வாரத்திற்குள் நிறைவேற்றியது. கிரிஃபித்ஸ் அப்போது நாடாளுமன்றத்தில் இல்லை. அவர் இருக்க வேண்டிய தேவையும் இல்லாமற் போயிருந்தது.

ஸ்மெத்விக்கிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள வுல்வர்ஹாம்ப்டனின் உறுப்பினர் ஈனோக் பவல். 1964 தேர்தலின்போது, பிறப்பிடத்தை வைத்துக் குடிமக்களிடையே வேறுபாடு காட்டுவதைத் தாம் ஏற்பதில்லை என்று எழுதியவர் அவர். 1968 ஏப்ரல் 20 அன்று பர்மிங்ஹாமில் அவரே, குடியேற்றத்தால் இரத்த ஆறு ஓடும் என்று அச்சமூட்டும் உரையை நிகழ்த்தினார். அவ்வுரையிலும் கொடிய சொற்கள் பிறர் வாயிலிருந்தே வந்தன: தம் தொகுதிக்காரர் ஒருவர் சொன்னார்; ஒரு மூதாட்டியைப் பற்றிக் கடிதம் வந்தது. அந்த மூதாட்டியைத் தேடிய செய்தியாளர்களால் அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுநாளே கட்சித் தலைவர் எட்வர்ட் ஹீத் பவலை நிழல் அமைச்சரவையிலிருந்து நீக்கினார். ஆயினும் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் பவலுக்கு ஆதரவாக ஊர்வலம் சென்றனர். கேலப் கருத்துக் கணிப்பில் 74 விழுக்காட்டினர் அவர் சொன்னதை ஏற்பதாகக் கூறினர். நான்கே ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கண்டிக்க மறுத்த சொல், இப்போது கற்றறிந்த ஒருவரின் மேடைப் பேச்சாகிவிட்டது.

நம் வீடுகளிலும் கைப்பேசிகளில் நாள்தோறும் செய்திகள் வருகின்றன: அந்தச் சமூகத்தார் இப்படி, இந்த ஊரார் அப்படி என்று. யாரோ அனுப்பியது, நான் எழுதவில்லையே என்று கூறிக்கொண்டே நாமும் அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம். பெண் பார்க்கும்போது நிறத்தைச் சொல்லித் தட்டிக் கழிக்கும் நம் குடும்பங்களில், ஜனங்கள் அப்படித்தானே பார்க்கிறார்கள் என்ற அதே விடை கேட்கிறது.

1965 நவம்பரில் பிரிட்டனின் முதல் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் நிறைவேறியது. மதுக்கடை, உணவகம் போன்ற பொது இடங்களில் நிறத்தைக் காரணம் காட்டி ஒருவரைத் தடுப்பது அதன்பின் சட்டவிரோதமாயிற்று. வீட்டிற்கும் வேலைக்கும் அப்பாதுகாப்பு வர 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிரிஃபித்ஸ் 1966 மார்ச் தேர்தலில் ஸ்மெத்விக்கைத் தொழிற்கட்சியின் ஆண்ட்ரூ ஃபோல்ட்ஸிடம் இழந்தார். 1979 இல் போர்ட்ஸ்மத் வடக்குத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்திற்குத் திரும்பி 1997 வரை உறுப்பினராக இருந்தார். மார்ஷல் தெருவில் அவர் பெயரில் எதுவும் இல்லை. 2012 இல் அங்கு ஒரு வீட்டுச் சுவரில் நீல நிற நினைவுப் பலகை ஒன்று பதிக்கப்பட்டது. அந்த வெள்ளிக்கிழமை அத்தெருவில் நடந்து சென்ற ஹாஜியின் வருகையை அது குறிக்கிறது.